மெஸ்ஸர்ஷ்மிட் 262 மாடல்: என்ன கோளாறு, எங்கே காரணம், நம்ம ஊரில் என்ன வைத்தியம்

இரண்டாம் உலகப் போரில் சண்டைக்கு இறங்கிய ஜெட் விமானங்களில் அதிகம் பேசப்படுவது ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262. இறக்கைக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு யூமோ 004 எஞ்சின், மூக்கில் நான்கு 30 மி.மீ. பீரங்கி, சுறா மாதிரி முக்கோண வயிறு. பிளாஸ்டிக் மாடல் கட்டும் பழக்கம் பிடித்துக்கொண்டவர்கள் என்றைக்காவது ஒருநாள் இதை வாங்கிவிடுவார்கள். 1/72 அளவில் இறக்கை முனைக்கு முனை சுமார் பதினேழரை செ.மீ., 1/48 என்றால் 26 செ.மீ. சின்ன வீட்டு ஷோகேஸிலும் அடங்கும்.

பெட்டிக்குள் வரும் வழிகாட்டித் தாள் எந்தத் துண்டை எங்கே ஒட்ட வேண்டும் என்று சொல்லும். ஒட்டியபின் ஏன் இப்படி ஆனது என்று சொல்லாது. பெயிண்ட் புட்டியில் போட்டிருக்கும் காயும் நேரமும் கலக்கும் அளவும் வேறு ஏதோ ஊர்க் காற்றை மனதில் வைத்து எழுதியவை. பாளையங்கோட்டை ஆடிக் காற்றுக்கும் செங்கோட்டைச் சாரலுக்கும் அவை பொருந்தாது. அதனால் கோளாறு வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வந்திருப்பது எது என்று பார்த்து அங்கே போய்விடலாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: கோளாறு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் காரணம் இருப்பது அபூர்வம். பெரும்பாலும் அது அதற்கு முந்தைய வேலையில் இருக்கும்.

மூக்கு அண்ணாந்து நிற்கிறது, வால் தரையைத் தொடுகிறது

262 கட்டுகிறவர்களிடம் அதிகம் கேட்கும் புலம்பல் இதுதான். சக்கரங்களை ஒட்டி, ஆசையாக மேசையில் வைத்தால், பொத்தென்று பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடும்.

காரணம் எளிது. நிஜ விமானத்தில் பீரங்கிகளும் குண்டுகளும் மூக்கில் கனமாக இருந்தன. மாடலில் அந்த மூக்கு வெறும் கூடு. பெரிய சக்கரங்கள் தரையைத் தொடும் கோட்டுக்குப் பின்னால் எடை கூடிப்போனால் வால் இறங்கத்தான் செய்யும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1942 ஜூலை 18-ஆம் தேதி லைப்ஹைமில் ஃப்ரிட்ஸ் வென்டெல் ஜெட் எஞ்சினை மட்டும் நம்பி முதல்முறை பறந்த மூன்றாவது முன்மாதிரிக்கு வால் சக்கரம்தான் இருந்தது. நிஜமாகவே வாலில் உட்கார்ந்த விமானம் அது. அந்தச் சாய்வில் ஓடும்போது வாலில் உள்ள உயர்த்திக்கு (விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் பலகை) காற்று சரியாகக் கிடைக்காமல், ஓட்டத்தின் நடுவே பிரேக்கை லேசாகத் தட்டி வாலைத் தூக்க வேண்டியிருந்தது. அப்புறம்தான் மூக்குச் சக்கரம் வந்தது. நீங்கள் கட்டுவது அந்த மூன்றாவது முன்மாதிரி என்றால் வால் தரையில் இருப்பதே சரி. மற்றவர்கள் மேலே படிக்கலாம்.

உடலின் இரண்டு பாதிகளையும் இன்னும் ஒட்டவில்லை என்றால் வேலை சுலபம். உடல், இறக்கை, எஞ்சின், வால் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப் போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய சக்கரம் தரையைத் தொடும் கோட்டுக்கு நேர் கீழே ஒரு உருண்டைப் பென்சிலைக் குறுக்கே வைத்து, அதன்மேல் மாடலை நிறுத்துங்கள். மூக்கில் எடையைச் சேர்த்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் மூக்கு கீழே சாயும். அங்கே நிறுத்திவிடாமல் இன்னும் கொஞ்சம் போடுங்கள். பெயிண்ட், சின்னச் சின்னக் கதவுகள் என்று பின்னால் சேரும் எடையை இப்போதே கணக்கில் வைத்துவிட வேண்டும்.

எடைக்கு எது நல்லது? சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் குண்டு நல்லது. உவரி, இடிந்தகரைப் பக்கம் போனால் தூண்டிலுக்குக் கட்டும் ஈயக் குண்டு கிடைக்கும். பஞ்சர் கடையில் சக்கரத்துக்கு அடித்துக் கழற்றிப்போட்ட எடைத்துண்டைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். எடை எவ்வளவு முன்னால் போகிறதோ அவ்வளவு குறைவாகப் போதும். மூக்கு நுனியில் இருக்கும் ஒரு குண்டு செய்யும் வேலைக்கு விமானி அறைக்குக் கீழே இரண்டு மூன்று தேவைப்படும். மூக்கில் இடம் போதவில்லை என்றால் எஞ்சின் கூடுகளைப் பாருங்கள். அவற்றின் முன்பாதி சக்கரக் கோட்டுக்கு நன்றாக முன்னால்தான் வருகிறது. காற்று நுழையும் வாய்க்குப் பின்னால், விசிறி முகப்பை ஒட்டும் முன், பக்கத்துக்கு ஒன்று ஒளித்து வைக்கலாம். சில கம்பெனிகள் மூக்குச் சக்கர அறையையே உலோகத்தில் வார்த்துத் தருகின்றன. அப்படி இருந்தாலும் பென்சில் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

எடையை எதால் ஒட்டுகிறீர்கள் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஈயத்தை ஃபெவிக்கால் மாதிரி வெள்ளைப் பசையில் முக்கி உள்ளே விடாதீர்கள். அந்தப் பசையிலிருந்து வரும் அமிலமும் ஈரமும் ஈயத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் பூத்து, வருஷக் கணக்கில் மெல்ல மெல்ல உப்பி, மூக்கையே பிளந்துவிடும். நம் ஊர் ஈரத்தில் கேட்கவே வேண்டாம். இரும்புக் குண்டு என்றால் துருப்பிடிக்கும். அரால்டைட்டோ எம்-சீலோ போதும். எம்-சீலைப் பிசைந்து மூக்குக்குள் திணித்து, அதில் குண்டுகளை அழுத்திவிட்டால் குலுக்கினாலும் சத்தம் வராது.

எல்லாம் ஒட்டிப் பெயிண்டும் அடித்தபின் வால் இறங்குகிறதா? மூக்குச் சக்கர அறையின் கூரையில் சக்கரக் காலுக்குப் பின்னால் சின்ன ஓட்டை போட்டு, மாடலை மூக்கு கீழாகப் பிடித்து, பொடிக் குண்டுகளை ஒவ்வொன்றாக விட்டு, சொட்டுச் சொட்டாக அரால்டைட் ஊற்றலாம். அது இறுகும்வரை மூக்கு கீழாகவே நிற்க வேண்டும். ஒரு டம்ளருக்குள் துணி சுற்றி நிறுத்திவையுங்கள். இதுவும் முடியாது என்றால் வாலுக்கு அடியில் ஒரு கண்ணாடிக் குச்சி முட்டுக் கொடுக்கலாம். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே சந்து

இந்த விமானத்தில் கீழ் இறக்கை பெரும்பாலும் ஒரே துண்டாக வயிற்றோடு சேர்ந்து வரும். மேல் இறக்கைகள் தனித்தனி. உடல் முக்கோண வாக்கில் கீழே அகன்று போவதால், உடலின் இரு பாதிகளை ஒட்டும்போது கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டால் போதும், இறக்கை சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் சந்து தெரியும். சந்தைப் பார்த்ததும் கை பட்டியைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள்.

ஒட்டும் முன் என்றால், உடலுக்குள் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் துண்டை முட்டுக் கொடுத்து அகலத்தைக் கூட்டுங்கள். துண்டுகளைத் தாங்கி வரும் சட்டத்தையே நறுக்கி இதற்கு வைத்துக்கொள்ளலாம். அரை மில்லிமீட்டர் கூடினாலே சந்து பாதி மறைந்துவிடும். இறக்கை முனைகள் கொஞ்சம் மேல்நோக்கி இருக்க வேண்டும். டேப்பை ஒரு இறக்கை முனையிலிருந்து மேலாக இன்னொரு முனைக்கு இழுத்துக் கட்டினால் முனை தூக்கும், சந்தும் இறுகும். ஒரே இழுப்பில் இரண்டு வேலை.

ஒட்டியபின் என்றால் சந்தின் அகலத்தைப் பொறுத்துத்தான் வைத்தியம். மயிரிழை என்றால் மெல்லிய பிளாஸ்டிக் பசையைப் பிரஷ் நுனியில் தொட்டு ஓடவிட்டாலே போதும். நகத்தளவு தடிமன் என்றால், சட்டத்தைப் பொடியாக நறுக்கி, பாதி தீர்ந்த பசைப் புட்டியில் போட்டு ஓரிரு நாள் ஊறவிட்டால் தேன் பதத்தில் ஒரு குழம்பு கிடைக்கும். அதே பிளாஸ்டிக் என்பதால் காய்ந்தபின் மாடலோடு மாடலாகிவிடும். அதைவிடப் பெரிய சந்து என்றால் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகி ஒட்டுவதுதான் மரியாதை.

சூப்பர் க்ளூவும் ஆப்பசோடாவும் சேர்ந்த வைத்தியம் பலருக்குத் தெரியும். சந்தில் சோடாவைத் தூவி ஒரு சொட்டு விட்டால் அந்த நொடியே கல்லாகிவிடும். ஆனால் அது பிளாஸ்டிக்கை விடக் கடினம். தேய்க்கும்போது சுற்றியுள்ள பிளாஸ்டிக் இறங்கிப்போய் அது மட்டும் முண்டாக நிற்கும். சோடாவுக்குப் பதில் முகப்பவுடரைக் குழைத்தால் கொஞ்சம் மென்மையாக இருக்கும், தேய்க்கவும் வளைந்து கொடுக்கும். எதுவானாலும் போட்ட அன்றே தேய்த்துவிடுங்கள். நாள் போகப் போக இறுகிக்கொண்டே போகும்.

எஞ்சின் கூடு இறக்கையோடு சேரும் இடத்திலும் இதே கதைதான். அங்கே உப்புத்தாள் நுழையாது. திருநெல்வேலி டவுன் பக்கம் நகைத் தொழிலாளிகளுக்கான சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் பொடி அரம் ஒரு செட் வாங்கிவைத்துக்கொண்டால் வாழ்நாளுக்கும் வரும்.

பெயிண்ட் அடித்தபின் ஒட்டுக்கோடு மறுபடி தெரிகிறது

வழவழப்பாகத் தேய்த்து, பிரைமர் அடித்து, எல்லாம் சரி என்று நினைத்திருப்பீர்கள். ஒரு வாரம் கழித்து முதுகில் ஒரு பள்ளக்கோடு எட்டிப்பார்க்கும். லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர்களிடம் கேட்டால் "பட்டி இறங்கிட்டு" என்பார்கள். அதேதான்.

பட்டிக்குள் இருக்கும் தின்னர் ஆவியாகப் போகப் போகப் பட்டி சுருங்கும். மேலே காய்ந்திருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். அந்த நிலையில் தேய்த்தால் அன்றைக்குச் சமமாகத் தெரிந்தது பிறகு இறங்கத்தான் செய்யும். பசைக்கும் இதே கதி. தடிமனாகப் பட்டி வைக்காமல் மெல்லிசாக இரண்டு மூன்று முறை வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு முழு நாள் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள். மூக்கை அருகில் கொண்டுபோனால் தின்னர் வாடை வருகிறதா? அப்படியானால் இன்னும் காயவில்லை. இதைவிட நல்ல சோதனை கிடையாது.

தேய்ப்பதற்கு ஹார்டுவேர் கடையில், "அண்ணாச்சி, நானூறு, எண்ணூறு, ஆயிரத்தைந்நூறு, மூணு நம்பரிலும் வாட்டர் பேப்பர் குடுங்க" என்றால் போதும். தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். உலர்ந்து தேய்த்தால் பிளாஸ்டிக் சூடேறி இழுத்துக்கொள்ளும்.

மூக்குப் பகுதியில் தகட்டுக் கோடுகள் அழிந்துபோனால் ரொம்பக் கவலைப்படாதீர்கள். நிஜ விமானத்திலேயே தொழிற்சாலையில் தகட்டுச் சந்துகளில் பட்டி பார்த்துத் தேய்த்திருந்தார்கள். வேகத்துக்காகச் செய்த வேலை அது. போர்க்காலக் கடைசியில் வந்த விமானங்களில் சிலவற்றுக்கு முழுசாகப் பெயிண்ட்கூட அடிக்கவில்லை, பட்டி பூசிய கோடுகள் பழைய படங்களில் அப்படியே தெரியும். அந்த வேலையை யார் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்திரியாவில் குசென் வதைமுகாமை ஒட்டித் தோண்டிய சுரங்கத்துக்குள் இந்த விமானத்தின் உடல்களைச் செய்தது முகாம் கைதிகள். சுரங்கம் தோண்டியவர்களும் அவர்களே. செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஷோகேஸில் வைக்கும் பொருளின் பின்னால் இதுவும் இருக்கிறது.

பெயிண்ட் வெள்ளையாகப் பூத்துவிட்டது. அல்லது மணல் தூவியது போல் இருக்கிறது

இரண்டு கோளாறையும் ஒன்றாக எழுதக் காரணம் உண்டு. ஜூலை மாதத்தில் தென்காசியில் ஒருவரும் பாளையங்கோட்டையில் ஒருவரும் ஒரே புட்டிப் பெயிண்டை ஒரே ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தில் பெயிண்ட் ஊதும் கருவி) ஒரே அளவு தின்னர் கலந்து அடித்தால், தென்காசிக்காரருக்கு வெள்ளை பூக்கும், பாளையங்கோட்டைக்காரருக்கு மணல் தட்டும். நடுவே ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான். 2019-ல் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது. காற்று எப்போதோ பிரித்துவிட்டது.

மலைக்கு அந்தப் பக்கம் பெய்யும் தென்மேற்குப் பருவமழை செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரலாகக் குற்றாலம், தென்காசிவரை எட்டும். கிழக்கே வர வர ஈரம் வடிந்து, திருநெல்வேலி, கயத்தாறு பக்கம் வெறும் வறண்ட காற்றாக அடிக்கும்.

முதலில் வெள்ளை பூப்பது. லாக்கர் வகைப் பெயிண்டில் தின்னர் சட்டென்று ஆவியாகும். ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் ஈரம் படிந்து, பூச்சுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதுதான் அந்தச் சுண்ணாம்புத் தோற்றம். அடர் பச்சை, பழுப்பு மேல் நன்றாகத் தெரியும். பதறி அதன்மேல் இன்னொரு கோட்டிங் அடித்தால் அதுவும் பூக்கும். வெயில் வரும் நாளுக்காகக் காத்திருந்து, பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே, பெயிண்ட் கலக்காத வெறும் தின்னரில் ரிடார்டர் சேர்த்து மெல்லிய பனி போல் ஒருமுறை ஊதுங்கள். பூச்சு மறுபடி இளகி, உள்ளே மாட்டிய ஈரம் வெளியேறி, நிறம் திரும்பிவிடும். ரிடார்டர் என்பது தின்னரை மெதுவாக ஆவியாக வைக்கும் சாமான். கார் பெயிண்ட் விற்கும் கடையில் கிடைக்கும். மழைக்காலத்தில் கார் பெயிண்டர்கள் இதில்லாமல் வேலை தொடுவதில்லை. ஆனால் கார்க்கடை ரிடார்டரும் என்.சி. தின்னரும் வெறும் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். மாடலுக்கென்று விற்கும் ரிடார்டர் கிடைத்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் பழைய துண்டு ஒன்றில் அடித்துப் பார்த்துவிட்டு மாடலைத் தொடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை வந்தால் பாளையங்கோட்டைக்காரரும் தென்காசிக்காரர் கட்சியில் சேர்ந்துவிடுவார். அப்போது கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றிலேயே தண்ணீர் இருக்கும். பூச்சின் நடுவே திடீரென்று தண்ணீர்ப் பொட்டு தெறித்தால் காரணம் ஏர்பிரஷ் இல்லை. ஈரம் பிடிக்கும் கிண்ணம் நிரம்பியிருக்கிறது, திறந்து வடித்துவிடுங்கள்.

இனி மணல் தட்டுவது. ஏர்பிரஷிலிருந்து கிளம்பிய பெயிண்ட் மாடலைத் தொடும் முன்னே காற்றிலேயே பாதி காய்ந்து, பொடியாக வந்து உட்காருகிறது. விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். தின்னரைக் கூட்டுங்கள், அழுத்தத்தைக் குறையுங்கள், கிட்டே நெருங்கிப் போங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், மேற்குப் பக்க ஜன்னலைச் சாத்துங்கள். அதற்காக அறையை முழுக்க அடைத்துவிட்டுத் தின்னரை முகர்ந்துகொண்டு இருக்கக் கூடாது. காற்று அடிக்காத பக்க ஜன்னல் ஒன்று திறந்திருக்கட்டும், முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மணல் தட்டியிருந்தால், நன்றாகக் காய்ந்தபின் 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் தொட்டு லேசாகத் தடவி, மெல்லிய கோட்டிங் ஒன்று அடித்தால் சரியாகிவிடும்.

உண்மையிலேயே மணல் என்றால் வேறு விஷயம். ஆடி மாதம் புழுதி எதையும் விடாது. பெயிண்ட் அடித்த கையோடு மாடலின்மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள்.

பெயிண்ட் உரிகிறது, சில இடத்தில் ஒட்டவே மாட்டேன் என்கிறது

எண்ணெய். பாதி அச்சிலிருந்து வந்தது, பாதி நம் தலையிலிருந்து வந்தது. துண்டுகள் அச்சைவிட்டுக் கழன்று வரத் தடவும் பூச்சு சிலவற்றில் மிச்சம் இருக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் சட்டத்தோடு கழுவிக் காயவைத்தால் போய்விடும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து வாரிய கையோடு உட்காருவதுதான் இரண்டாவது காரணம். பிரைமருக்கு முன் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்துவிட்டு, அப்புறம் வெறும் விரலால் தொடாதீர்கள்.

பூச்சு பிசுபிசுவென்று காயாமலே இருக்கிறது

எனாமல் பெயிண்ட். மழைக்காலம். பொறுமை. தடிமனாக அடித்திருந்தால் இன்னும் பொறுமை. அரிசி டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிவைத்தால் ஈரத்திலிருந்தாவது தப்பும். ஒரு வாரம் கழித்தும் விரல்ரேகை பதிகிறது என்றால் புட்டியைச் சரியாகக் கலக்காமல் மேலே மிதந்த எண்ணெயை மட்டும் அடித்திருக்கிறீர்கள். கழற்றிவிட்டு மறுபடி அடிப்பது தவிர வழியில்லை.

கழற்றுவதற்கு: அக்ரிலிக் என்றால் ஐசோப்ரொபைல் ஆல்கஹால். எனாமல் என்றால் மெக்கானிக் கடை பிரேக் ஆயில், கையுறை போட்டுக்கொண்டு. டெட்டாலும் கழற்றும். ஆனால் டெட்டாலில் ஊறியதை நேரே தண்ணீரில் காட்டினால் பெயிண்ட் சவ்வு மாதிரி இழுத்து ஒட்டிக்கொள்ளும். முதலில் சுத்தமான டெட்டாலிலேயே பல்துலக்கும் பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டு, பிறகுதான் சோப்பும் தண்ணீரும். நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல் பக்கமே போக வேண்டாம். பெயிண்ட்டோடு விமானமும் போய்விடும்.

புள்ளிப் புள்ளி உருமறைப்பு சிலந்திக் கால் மாதிரி ஓடுகிறது

உடலின் பக்கவாட்டில் மங்கலான புள்ளிகள் தூவியிருப்பது 262-க்கு அழகு. புள்ளியின் ஓரத்திலிருந்து கால் முளைத்து ஓடினால் பெயிண்ட் நீர்த்துப்போயிருக்கிறது, அல்லது அழுத்தம் கூடியிருக்கிறது, அல்லது விசையை அழுத்தியபடி ஒரே இடத்தில் நின்றுவிட்டீர்கள். பொட்டுப் பொட்டாகத் தெறித்தால் நேர்மாறு, பெயிண்ட் கெட்டி. முதலில் பழைய காகிதத்தில் அடித்துப் பாருங்கள். ஏர்பிரஷ் இல்லாதவர்கள் பார்சலில் வரும் பஞ்சு நுரையைக் கிள்ளி, பெயிண்ட்டைத் தொட்டு, முக்கால்வாசியைக் காகிதத்தில் ஒற்றிவிட்டு, மிச்சத்தை மாடலில் தட்டினால் 1/72 அளவில் நன்றாகவே வரும்.

நிறம் சரியில்லையே என்று யாராவது குறை சொன்னால் அது கோளாறே இல்லை. கடைசிக் காலப் பழுப்பு-ஊதா 81, பச்சைகள் 82, 83 (இவை ஜெர்மன் விமான அமைச்சகம் நிறங்களுக்குக் கொடுத்த எண்கள்) எப்படி இருந்தன என்பதில் இதற்கென்றே வாழ்கிறவர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. அடியில் வெளிர் நீலச் சாம்பல் 76, விமானி அறைக்குள் கருஞ்சாம்பல் 66. இவற்றைச் சரியாக வைத்துவிட்டு மற்றதை உங்கள் கண்ணுக்கு விடுங்கள்.

டெக்காலுக்கு அடியில் வெள்ளி மின்னுகிறது

டெக்கால் என்பது தண்ணீரில் ஊறவைத்து மாடலில் ஒட்டும் மெல்லிய படம். சாய்த்துப் பார்த்தால் சிலுவைச் சின்னத்தைச் சுற்றி ஒரு மினுமினுப்பு. டெக்காலுக்கும் பெயிண்ட்டுக்கும் நடுவே மாட்டிய காற்று அது. சொரசொரப்பான மேட் பூச்சின்மேல் ஒட்டினால் வரும். முதலில் பளபளப்பான வார்னிஷ் அடித்து, டெக்கால் ஒட்டி, அதன்மேல் மேட் அடிப்பதுதான் முறை. ஏற்கெனவே மின்னுகிறதா? மெல்லிய ஊசியால் பல இடத்தில் குத்தி, டெக்கால் இளக்கும் திரவத்தைத் தடவி, ஈரத் துணியால் ஒற்றி அழுத்துங்கள். மறுநாளும் மின்னினால் மறுபடி. திரவம் கிடைக்காத இடத்தில் வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து பயன்படுத்தலாம், கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும்.

டெக்காலைச் சுற்றி வெள்ளை வளையமாகக் கறை படிந்தால் அது தண்ணீர். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வரும் வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் உப்பான போர்வெல் தண்ணீரில் ஊறவைத்தால் காய்ந்ததும் உப்பு மட்டும் நிற்கும். இன்வெர்ட்டருக்கு ஊற்றும் பேட்டரித் தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கினால் வருஷம் முழுக்க டெக்காலுக்கு வரும். படிந்த கறையை அதே தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுக்கலாம்.

தண்ணீரில் போட்டதும் டெக்கால் துண்டு துண்டாகிறது என்றால் தாள் பழசு. மிச்சம் உள்ள தாளின்மேல் மெல்லிய வார்னிஷ் அடித்துக் காயவைத்து, ஒவ்வொரு படத்தையும் ஓரத்தை ஒட்டி நறுக்கி எடுங்கள்.

வாலில் ஒட்ட ஸ்வஸ்திகா காணோம், அல்லது இரண்டு பாதியாக வந்திருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அச்சுப்பிழை இல்லை. நாஜிச் சின்னத்தைப் பொதுவில் காட்ட ஜெர்மனியில் சட்டத் தடை இருப்பதால் கம்பெனிகள் அப்படிச் செய்கின்றன. ஒட்டாமல் விட்டாலும் மாடலுக்கு ஒன்றும் குறையாது. ஒட்டினால், வீட்டுக்கு வரும் மாமா, "பரவாயில்லையே, விமானத்துக்கும் பூஜை போட்டிருக்கியே மருமவனே" என்பார். அவருக்கு விளக்கம் சொல்லத் தயாராக இருங்கள்.

விமானி அறைக் கண்ணாடி பனி மூடியது போல் ஆகிவிட்டது

சூப்பர் க்ளூவின் ஆவி. இறுகும்போது கிளம்பும் ஆவி அருகில் உள்ள கண்ணாடித் துண்டில் வெள்ளையாகப் படியும். காற்றில் ஈரம் கூடினால் இன்னும் வேகமாக. கண்ணாடியை ஃபெவிக்காலில்தான் ஒட்ட வேண்டும், அது காய்ந்தால் நிறமற்றுப்போகும். விமானி அறைக்குள் சூப்பர் க்ளூவில் எதையாவது ஒட்டியிருந்தால் ஒரு முழு நாள் திறந்துவைத்துவிட்டு அப்புறம் மூடுங்கள்.

பனி வெளிப்புறம் என்றால் டூத்பேஸ்ட்டை மெல்லிய துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்து எடுக்கலாம். உள்புறம் என்றால் கழற்றியே ஆக வேண்டும். 262-இல் கண்ணாடி மூன்று துண்டு: முன், நடு, பின். நடுத்துண்டு மட்டும் விமானியின் வலப்பக்கமாகத் திறக்கும். அது சரியாக மூடவில்லை, விளிம்பு இடிக்கிறது என்றால் திறந்தே ஒட்டிவிடுங்கள். நிஜ விமானமும் தரையில் அப்படித்தான் நின்றது.

சக்கரக் கால் விரிகிறது, இறக்கை வளைகிறது

மூக்கில் எடை கூடக் கூட இந்தத் தொல்லையும் கூடும். மெல்லிய பிளாஸ்டிக் கால் நாளாக ஆக எடையில் சாயும், சித்திரை வெயிலில் சீக்கிரமே சாயும். காலின் மேல்நுனியில் பொடி ஓட்டை போட்டுக் குண்டூசியை நறுக்கிச் செருகி ஒட்டினால் தாங்கும். மாடலை டிவி மேலோ, ஓட்டுக் கூரைக்கு அடியில் உள்ள பரணிலோ, பூட்டிய காருக்குள்ளோ வைக்காதீர்கள்.

வளைந்த இறக்கையை நிமிர்த்த, கொதித்து இறக்கிய தண்ணீரில் சில நொடி முக்கி, கையால் மெல்ல நேர்படுத்தி, உடனே குளிர்ந்த தண்ணீரில் காட்டுங்கள். ஒரே தடவையில் முழுக்க நிமிர்த்தப் பார்க்காதீர்கள், முறிந்துவிடும். சுடுதண்ணீர் என்பதால் பிள்ளைகள் கையில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

எஞ்சின் வாயின் நடுவில் ஓட்டை இருக்கிறது, ஏதோ துண்டு விடுபட்டதா?

இல்லை. நிஜ எஞ்சினில் அந்தக் கூம்புக்குள் ரீடல் என்ற சின்ன டூ-ஸ்ட்ரோக் மோட்டார் இருந்தது. முதலில் அது ஓடி ஜெட்டைச் சுழற்றிவிடும். அந்த மோட்டார் பேட்டரியில் கிளம்பவில்லை என்றால், தோட்டத்து எஞ்சினைக் கயிறு சுற்றி இழுத்துக் கிளப்புவது போல, அந்த ஓட்டையில் உள்ள வளையத்தை இழுத்துக் கிளப்புவார்கள். பட்டி வைத்து அடைத்துவிடாதீர்கள். 1/48-இல் மெல்லிய செம்புக் கம்பியை வளைத்து ஒரு வளையம் வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும்.

துண்டு தெறித்துக் காணாமல் போய்விட்டது

வேட்டியை மடியில் விரித்து, அதன் மறு ஓரத்தை மேசையில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு உட்காருங்கள். பாதி தெறிப்பு அதிலேயே விழும். மற்றதற்கு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடித்துப் பாருங்கள், நிழல் காட்டிக்கொடுக்கும். பாய் விரித்திருந்தால் முதலில் பாயைச் சுருட்டி உதறுங்கள். வீடு பெருக்குகிறவரிடம் குப்பையைக் கொட்டும் முன்னே சொல்லிவைப்பது நல்லது.